கதியால் தள்ளியிருக்கு

தம்பி, உந்தக் கொப்பியை ஒருக்கால் மூடி வை. மூண்டு நாளா எங்கட படலையடியால போகேக்கையும் வரேக்கையும் உதையே முணுமுணுத்துக்கொண்டு திரியிறாய்: "சப்ஜெக்ற் பிளஸ் ஹாவ் ஓர் ஹாஸ் பிளஸ் பாஸ்ற் பாற்றிசிப்பிள்." எங்கட கோயில் ஐயர்கூட உந்தளவு பக்தியா மந்திரம் சொல்லி நான் காணேல்லை. அவர் பிழைவிட்டால் பிள்ளையார் பேசாமல் இருப்பார். ஐ.ஈ.எல்.ரி.எஸ். இங்கிலீசுச் சோதினை வைக்கிற மனுசி பேசாமல் இருக்கமாட்டா.

"பிறசன்ற் பேர்ஃபெக்ற் மண்டைக்குள்ள ஏறுதில்லை அப்பு" எண்டு நீ அழாக்குறையாச் சொல்லேக்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விடிஞ்சதிலயிருந்து உன்ர வாயால வாறது முழுக்க அதுதானே! "தேத்தண்ணி குடிச்சிட்டன்." "பஸ் போட்டுது." "ஃபோனில சார்ச் இறங்கீட்டுது." "அம்மா இன்னும் வரேல்லை." உதெல்லாம் என்ன எண்டு நினைச்சாய்? வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு அதைத் தேடி ரியூசன் கொட்டிலுக்குக் காசு கட்டுறாய். கட்டு, கட்டு. ரியூசன் வாத்தியும் வீடு கட்டத்தானே வேணும்.

எட்டாம் வகுப்போட பொயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்கின கிழவனுக்கு இங்கிலீசைப் பற்றி என்ன தெரியும் எண்டு யோசிக்கிறாய். உன்ர முகத்தில எழுதி ஒட்டியிருக்கு. எனக்கு உதைப் படிப்பிச்சது வாத்தி இல்லை மோனை, வேலி.

எங்கட அப்பரின்ர காலத்தில மேற்கு வளவில ஒரு சொந்தக்காரர் இருந்தவர். யாழ்ப்பாணத்தில பக்கத்து வளவில சொந்தக்காரன் இருந்தால் வழக்குக்கு வெளியில ஆள் தேடத் தேவையில்லை. ஒருநாள் விடிய அப்பர் எழும்பிப் போய்ப் பார்க்கிறார், கிளுவங்கதியால் அரையடி இஞ்சால தள்ளியிருக்கு. ஆர் தள்ளினது, எப்ப தள்ளினது, ஒருதரும் காணேல்லை. கண்ணுக்கு முன்னால நிக்கிறது புதுக் கிடங்கும் ஈரமண்ணும்தான்.

அப்பர் சால்வையைத் தோளில போட்டுக்கொண்டு மல்லாகத்துக்கு வெளிக்கிட்டார். பின்னால நான், குடையும் உறுதிக்கட்டும் தூக்கிக்கொண்டு. பிரக்கிராசியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி "என்ன சங்கதி?" எண்டார். "வேலியைத் தள்ளிப்போட்டிட்டான் ஐயா!" பிரக்கிராசியார் எழுதினார்: "ஹீ ஹாஸ் மூவ்ட் த ஃபென்ஸ்." எழுதிப்போட்டு நிமிர்ந்து கேட்டார்: "எப்ப தள்ளினவன்?" அப்பருக்கு நாள் தெரியாது. தெரியாது எண்டால் வழக்கு நிக்காதோ எண்ட பயத்தில "போன வெள்ளிக்கிழமை இரவு" எண்டு துணிஞ்சு ஒரு நாளைச் சொல்லிப்போட்டார். பிரக்கிராசியார் ஒண்டும் பேசேல்லை. பேனையால "ஹாஸ்" எண்டதுக்கு மேல ஒரு கோடு இழுத்தார். பேந்து கடைசியில சேர்த்தார். "ஹீ மூவ்ட் த ஃபென்ஸ் ஒன் ஃப்றைடே நைற்."

நான் குடைக்குப் பின்னால நிண்டு அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். "ஏன் ஐயா வெட்டினீங்கள்?" எண்டு கேட்டன். மனுசன் நல்ல மனுசன். "நாள் வந்திட்டுதடா பெடியா, இனி ஹாஸ் நிக்காது" எண்டார். அவ்வளவுதான் பாடம். வழக்கு எப்பிடி முடிஞ்சது எண்டு கேளாதை. யாழ்ப்பாணத்தில வேலி வழக்கு முடியிறேல்லை, ஆக்கள்தான் முடியிறது.

இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. அப்பர் "தள்ளிப்போட்டிட்டான்" எண்டார். பிரக்கிராசியார் "எப்ப தள்ளிப்போட்டிட்டான்?" எண்டு கேட்டவரோ? இல்லை. "எப்ப தள்ளினவன்?" எண்டுதான் கேட்டவர். நீ வீட்டுக்கு வாறாய். அம்மா "வந்திட்டியோ?" எண்டு கேப்பா. ஓம் எண்டால் அடுத்த கேள்வி "எப்ப வந்தனீ?" "எப்ப வந்திட்டாய்?" எண்டு உன்ர சீவியத்தில ஆரும் உன்னைக் கேட்டிருக்கினமோ? கேட்டால் அந்த ஆளை வெளியூர் எண்டு நாய்கூடக் குலைக்கும். "எப்ப" எண்ட சொல்லு வாசல்ல கால் வைச்ச உடன, "இட்டன்" "இட்டாய்" எல்லாம் கொல்லைப் பக்கத்தால போயிடும். இங்கிலீசிலயும் அதே கதைதான். "ஹாவ் யூ கம்?" எண்டு கேக்கலாம். "வென் ஹாவ் யூ கம்?" எண்டு கேக்கேலாது. "வென் டிட் யூ கம்?" எண்டுதான் கேக்கவேணும். வெள்ளைக்காரன்ர சட்டம் எண்டு நீ பயப்பிடுறது அம்மா குசினிக்குள்ள இருந்து நாளாந்தம் நடத்திற சட்டம்.

உண்மையில பாரடா, இதில எங்களுக்குத்தான் கை நிறையச் சாமான் இருக்கு. ஒரு வருகைக்கு நாங்கள் நாலு விதமாச் சொல்லுவம்: வந்தன், வந்தனான், வந்திட்டன், வந்திருக்கிறன். இந்தியாவில இருந்து வாற ஆக்களுக்கு "வந்தனான்" எண்டது புதினம்; நாங்கள் எங்க, எப்ப, ஆரோட எண்டு விபரம் சொல்லேக்க அது தானா வரும். "நேற்று வந்தனான்", "பஸ்ஸில வந்தனான்." உந்த வந்தனையும் வந்தனானையும் இங்கிலீசில "கேம்" எண்டு சொல்லு. "வந்திட்டன்" எண்டதை "ஹாவ் கம்" எண்டு சொல்லு. முக்கால்வாசிச் சோலி அதோட முடிஞ்சிடும்.

முழுக்க முடிஞ்சிடும் எண்டு நான் சொல்லேல்லை. "நேற்றே வந்திட்டன்" எண்டு நாங்கள் அந்த ஏகாரத்தைப் போட்டு நெஞ்சை நிமித்திச் சொல்லுவம். இங்கிலீசில அந்த ஏகாரம் செல்லாது. நேற்று எண்டால் "கேம்" தான். ஆனா, உண்மையில காலை வாரிறது அது இல்லை. "இருக்கிறன்" எண்ட நாலாவது ஆள்தான். அவர் எல்லாரோடயும் சிநேகிதம். "போன வருசம் கொழும்புக்குப் போயிருக்கிறன்" எண்டு தமிழில தாராளமாச் சொல்லலாம், நாளும் நிக்கும், இருக்கிறனும் நிக்கும். அதை அப்பிடியே தூக்கிக்கொண்டு போய் "ஐ ஹாவ் கோன் ரு கொலம்போ லாஸ்ற் இயர்" எண்டு மேசையில வைச்சால், அந்த மனுசி ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டுப் புள்ளியில கை வைப்பா.

அதில பிழை ரெண்டு கண்டியோ. "லாஸ்ற் இயர்" எண்ட நாள் ஒண்டு. மற்றது "கோன்." இஞ்ச திண்ணையில எனக்கு முன்னால இருந்துகொண்டு "ஐ ஹாவ் கோன் ரு கொலம்போ" எண்டு சொன்னியெண்டால், நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவேண்டிவரும், இதில இருக்கிறது பெடியனோ அவன்ர ஆவியோ எண்டு. கோன் எண்டால் போட்டார், ஆள் இஞ்ச இல்லை. போட்டு வந்த ஆளுக்கு "பீன்." "ஐ ஹாவ் பீன் ரு கொலம்போ." எங்கட ஆக்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க "போறன்" எண்டு சொல்லமாட்டினம், "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவினம். உன்னைப் பற்றிக் கதைக்கேக்க எப்பவும் போட்டு வந்த ஆளாவே இரு. மற்றவையை வேணுமெண்டால் கோன் ஆக்கி அனுப்பு.

சரி, உந்த "ஹாவ்" எங்க இருந்து வந்தது? "ஐ ஹாவ் எ கௌ" எண்டால் என்னட்ட மாடு இருக்கு. "ஐ ஹாவ் சோல்ட் த கௌ" எண்டால் என்னட்ட மாடு இல்லை. ஹாவ் எண்டும் சொல்லுறான், மாட்டையும் காணேல்லை. முந்தின காலத்து இங்கிலீசில "எழுதின கடிதம் ஒண்டை வைச்சிருக்கிறன்" எண்ட கணக்கில்தான் உந்தக் கதை துவங்கினது. வைச்சிருக்கிறது முதல், எழுதி முடிச்சது பேந்து. நாளடைவில வித்த மாட்டுக்கும் துலைச்ச திறப்புக்கும் அதே ஹாவ் ஒட்டிக்கொண்டுது. நாங்களும் "எழுதி வைச்சிருக்கிறன்" எண்டு சொல்லிறனாங்கள்தானே. அவனுக்கு உடைமைச் சொல்லு, எங்களுக்கு இருப்புச் சொல்லு. வேலை ஒண்டு.

இதில பாடமாக்க வேண்டியது எண்டால் அந்த மூண்டாம் வடிவம் மட்டும்தான். அதுக்கு நான் மருந்து சொல்லமாட்டன், அது பாடமாக்கித்தான் ஆகவேணும். கோ, வென்ற், கோன். ஈற், ஏற், ஈற்றன். சீ, சோ, சீன். கம் திரும்பவும் கம்முக்கே வந்திடும். நான் விரும்பிற ஆக்கள் புற், கற், ஷற். மூண்டு தரம் கூப்பிட்டாலும் முகத்தை மாத்தாதுகள். றீட் கொஞ்சம் கள்ளன், எழுத்து மாறாது, சத்தம் மட்டும் "றெட்" எண்டு மாறும். "ஐ ஹாவ் வென்ற்" எண்டு நேற்று மதிலுக்கு மேலால ஒரு சத்தம் கேட்டது. ஆர் எண்டு நான் சொல்லேல்லை. அவன், அவள், அது எண்டால் ஹாஸ். கேள்வி எண்டால் ஹாவை முன்னுக்கு இழு. இல்லை எண்டால் அதுக்குப் பின்னால நொற். இவ்வளவுக்கு ஒரு கொப்பி முடிச்சிருக்கிறாய்.

அதைவிட நீ நாளாந்தம் சைக்கிள் உழக்கிற வட்டுக்கோட்டை றோட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? வட்டுக்கோட்டையில ஒரு வளவுக்குள்ளதான் 1823இல அமெரிக்க மிசன்காரர் செமினறி துவங்கினவை. டானியல் பூவர் பாதிரியார் முதல் அதிபர். எங்கட ஊர்ப் பெடியள் கணக்கையும் வான சாத்திரத்தையும் அங்க இங்கிலீசில படிச்சவை. பிள்ளையள் வேதத்தைப் படிச்சு ஊழியத்துக்கு வருவினம் எண்டு மிசன் நினைச்சது. பிள்ளையள் இங்கிலீசைப் படிச்சு அரசாங்க வேலைக்குப் போச்சினம். அமெரிக்காவில இருந்து பெரிய ஆக்கள் வந்து பார்த்து, இனித் தமிழில படிப்பிச்சால் காணும் எண்டு 1855இல அதைப் பூட்டிப்போட்டினம். பூட்டி ரெண்டு வருசத்தில, 1857இல, சென்னைச் சர்வகலாசாலையின்ர முதல் பட்டதாரி ஆர் எண்டு பார்த்தால், எங்கட சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். ரெண்டுபேரும் அந்தச் செமினறிச் சரக்கு. தாமோதரம்பிள்ளை அந்த இங்கிலீசோட போய் என்ன செய்தவர் தெரியுமோ? ஏட்டில கிடந்து செல்லரிச்ச பழந்தமிழ் நூலுகளை அச்சில ஏத்தினவர். நல்லூர் நாவலரும் பேர்சிவல் பாதிரியாரிட்ட இங்கிலீசு படிச்சு, அவருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவி செய்துபோட்டு, பேந்து சைவத்துக்குப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் துவங்கிப் பாதிரிமாருக்கே மறுப்பு எழுதின ஆள். யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு பாசையைக் குடுத்தால் அவன் அதை என்ன செய்வான் எண்டு குடுத்தவனுக்கே தெரியாது.

ஆனா மற்றப் பக்கத்தையும் பார். வந்த வெள்ளைக்காரர் சும்மா இருக்கேல்லை. வின்சிலோ எண்டவர் 67,000 சொல்லுக்கு மேல உள்ள தமிழ் - இங்கிலீசு அகராதியை 1862இல வெளியிட்டவர். மானிப்பாயில கிறீன் வைத்தியர் மனுச உடம்பையும் மருந்தையும் தமிழிலயே படிப்பிச்சவர். எங்கட சொல்லை அவையள் கேட்டுக் கேட்டு எழுதினவை. நீ எங்கட சொல்லைக் கேக்காமல் சூத்திரம் எழுதிறாய்.

இன்னொரு பகிடி. வட்டுக்கோட்டை, உடுவில் பக்கம் அமெரிக்கன் வந்தவன். சுண்டிக்குளி, பருத்தித்துறைப் பக்கம் இங்கிலாந்துக்காரன். இண்டைக்கும் உந்த ரெண்டு பகுதிக்கும் ஹாவ் விசயத்தில ஒத்துவராது. லண்டன்காரன் "ஹாவ் யூ ஈற்றன் யெற்?" எண்டு கேப்பான். அமெரிக்கன் "டிட் யூ ஈற் யெற்?" எண்டு சாதாரணமாக் கேப்பான். உன்ர சின்னம்மாவின்ர பெடியன் நியூயோர்க்கில இருந்து அப்பிடிக் கேட்டால் பிழை பிடிக்க வெளிக்கிடாதை. நீ போறது லண்டனுக்கு எண்டபடியால் ஹாவைக் கையில வைச்சிரு. ஆர் எப்பிடிக் கேட்டாலும் சாப்பாடு ஒண்டுதான்.

இனி உன்ர ஆகப் பெரிய வியாதிக்கு வருவம். "ஐ ஆம் லேர்னிங் இங்கிலிஷ் சின்ஸ் ரென் இயர்ஸ்." போன கிழமை உதைச் சொல்லிக்காட்டேக்க நான் வெத்திலையை விழுங்கப் பார்த்தன். தமிழில "பத்து வருசமாப் படிக்கிறன்" எண்டு நிகழ்காலத்தில சொல்லலாம், சரி. இங்கிலீசுக்காரன் துவங்கின இடத்தையும் இப்ப நிக்கிற இடத்தையும் சேர்த்துக் கட்டச் சொல்லுறான்: "ஐ ஹாவ் பீன் லேர்னிங்." சின்ஸும் ஃபோரும் குழம்புதெண்டால் உன்ர நாக்கைக் கேள். "மூண்டாம் வகுப்புத் தொடக்கம்" எண்டு "தொடக்கம்" வந்தால் சின்ஸ். "பத்து வருசமா" எண்டு "ஆ" வந்தால் ஃபோர். மூண்டாம் வகுப்புத் தொடக்கம் அரசாங்கம் உனக்குப் புத்தகம் தந்து இங்கிலீசு படிப்பிச்சது. உதைக் கணக்குப் பார்த்தால் நீ வெக்கப்படவேணும், அல்லாட்டி அரசாங்கம் வெக்கப்படவேணும். ரெண்டு பகுதியும் படுறமாதிரித் தெரியேல்லை.

உந்த "ஹாஸ் பீன்" இல பகிடி விடக்கூடாத இடம் ஒண்டு இருக்கு, அதையும் சொல்லிப்போடுறன். பிள்ளையைக் காணேல்லை எண்டு 2017 மாசி தொடக்கம் கிளிநொச்சியில தாய்மார் றோட்டோரத்தில குந்தியிருந்தவை. அவையின்ர விண்ணப்பத்தை நீ ஒருநாள் இங்கிலீசில எழுதிக்குடுக்க வேண்டிவந்தால், "ஹீ ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009" எண்டு எழுது. "வொஸ் மிஸ்ஸிங்" எண்டு எழுதினால் அந்தக் கதை எங்கயோ முடிஞ்சுபோச்சு எண்டு வாசிக்கிறவன் நினைப்பான். முடிக்கிற உரிமை அந்தத் தாய்க்குத்தான், கிளாக்கரின்ர பேனைக்கு இல்லை.

விசாப் படிவம் கண்டிருக்கிறாய்தானே? "ஹாவ் யூ எவர் பீன் றிஃபியூஸ்ட் எ விசா?" எண்டு கேட்டிருப்பினம். எப்ப எண்டு அவை கேக்கேல்லை, வாழ்க்கையில எப்பவாவது எண்டு கேக்கினம், அதுதான் ஹாவ். அதுக்கு முதல் பதில் "யெஸ், ஐ ஹாவ்." அதோட நாளைச் சொல்லப்போறியெண்டால் ஹாவை அங்கயே இறக்கி விட்டிட்டுப் போ: "தே றிஃபியூஸ்ட் இற் இன் 2019." நேர்முகத்திலயும் அப்பிடித்தான். "ஹாவ் யூ எவர் லிவ்ட் எவே ஃப்றொம் ஹோம்?" எண்டு அந்த மனுசி கேட்டால், என்ர வயசு ஆக்களுக்குப் பதில் வாய்க்குள்ளயே இருக்கு. ஓம், இருந்திருக்கிறம், "வீ ஹாவ்." எப்ப? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு சண்டையால வலிகாமமே எழும்பி நடந்தது. "வீ லெஃப்ற் இன் 1995." முதல் வசனத்தில ஹாவ், ரெண்டாம் வசனத்தில இருந்து கதை. கதை துவங்கின பிறகும் ஹாவைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறவன்தான் புள்ளி இழக்கிறவன்.

காது விசயமும் ஒண்டு இருக்கு. லண்டன்காரன் ஹாவை முழுசாச் சொல்லமாட்டான், "ஐவ்" எண்டு மூக்குக்குள்ளால விட்டிட்டுப் போவான். "ஹீஸ் கோன்" எண்டால் அதில இருக்கிறது ஹாஸ். "ஹீஸ் கோயிங்" எண்டால் அது இஸ். பின்னால வாற ஆளைப் பார்த்துத்தான் முன்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு கண்டுபிடிக்கவேணும். எங்கட ஊர்க் கலியாணவீடுகளில பழகின உனக்கு உது கஷ்டமா இருக்காது.

என்ன, எழும்பிறாய்? "விளங்கீட்டுது அப்பு"வோ? சந்தோசம். அப்ப ஒரு பரீட்சை வைப்பம். போன மாசம் வாய்க்கால் வெட்ட எண்டு என்ர மண்வெட்டியைக் கொண்டுபோனனீ. நேற்றுக் கேக்க "தந்திட்டன் அப்பு" எண்டனீ. அதை இங்கிலீசில சொல்லு பாப்பம். "ஐ ஹாவ் றிற்றேர்ண்ட் த மமோட்டி." ஆகா, ஒரு பிழை இல்லை! மண்வெட்டியை மமோட்டி எண்டு எங்கட நாட்டு இங்கிலீசிலயே சொல்லிப்போட்டாய். இப்ப நான் கேக்கிறன்: வென் டிட் யூ றிற்றேர்ண் இற்?

வாயைத் திறக்கிறாய், சத்தத்தைக் காணேல்லை. கொட்டிலுக்குள்ள மண்வெட்டியையும் காணேல்லை. சரி, போட்டு வா. வரேக்க அதையும் கொண்டு வா.